கேட்டுப் பெற்றவன்

கவரைப்பேட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தங்கை சோனியாவுக்கு,

ஸ்தோத்திரம். நானும் உன் மாமாவும் சுகம். அவருக்கு இந்த வாரம் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் காலை ஷிஃப்ட். உன் ஆபரேஷன் தையல் ஆறிவிட்டதா? குடம் தூக்காதே. போனில் பேசினால் நீ அழுவாய், நானும் போகட்டும் என்று விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரர் ராபின் அனுப்பிய ஞானஸ்நான அழைப்பிதழ் வந்தது. சாமுவேல் என்று தங்க எழுத்தில் போட்டு, கீழே ‘கர்த்தரிடத்தில் கேட்டுப் பெற்றவன்’ என்று அர்த்தமும் அச்சடித்திருக்கிறீர்கள். கேட்டது யார் சோனியா? நீயா?

பிள்ளையில்லாமல் பதினோரு வருஷம், வேதத்தில் சாமுவேலைக் கேட்டு அழுத அன்னாளைப் போல அழுது, மகன் பிறந்தால் சாமுவேல் என்று பேர் வைப்பதாகப் பொருத்தனை செய்தவள் நான். உன்னைத் தவிர யாரிடமும் அதைச் சொன்னதில்லை. நீ ஏஞ்சல், மோனிகா என்று இரண்டு பெண்ணுக்குப் பிறகு இது வயிற்றில் தங்கியதும், கலைக்க மாத்திரை வாங்கித் தரச் சொல்லி என்னிடம் வந்தாய். வேண்டாமடி என்று உன் காலைப் பிடித்தேன். “பெத்து உன் கையிலயே குடுத்துடறேன்க்கா, நீயே வளத்துக்கோ” என்றாய்.

மாசாமாசம் காக்களூருக்கு வந்து உன்னைச் செக்கப்புக்கு அழைத்துப் போனேன். உன் மாமா தொட்டில் வாங்கி, சுவருக்கு நீலம் அடித்தார். பிறந்தது பையன் என்றதும் ராபின் முகம் மாறிவிட்டது, உன் பேச்சும் மாறிவிட்டது. பெண்ணாயிருந்தால் கொடுத்திருப்பீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

பெற்றவள் நீ, பிள்ளை உன்னிடமே இருக்கட்டும். பேரையாவது விட்டிருக்கலாமே என்றதற்கு, “அந்தப் பேரு இன்னா உனக்கு மட்டும் எழுதி வச்சிகீதா? எங்க சர்ச்சுலயே நாலு சாமுவேல் கீறானுங்க” என்றாய். நாலு என்ன, நாற்பது இருக்கட்டும். அவர்களைப் பெற்றவர்கள் என் வாயிலிருந்து அதைப் பிடுங்கவில்லை.

ஞானத்தாயாக வந்து பிள்ளையைக் கையில் ஏந்தச் சொல்கிறாய். ஏந்தினால் திருப்பித் தரமாட்டேன். அதனால் வரவில்லை. தொட்டிலை உன் மாமா கொண்டுவருவார். இங்கே அதற்கு வேலையில்லை.

பிள்ளை நூறு வருஷம் நன்றாயிருக்கட்டும். என் பேருக்கு என்னம்மா அர்த்தம் என்று ஒருநாள் கேட்பான். கேட்டுப் பெற்றவன் என்று சொல். யார் கேட்டது என்பான். அப்போதாவது பொய் சொல்லாதே.

உன் அக்கா,
விக்டோரியா