சாராளின் தோல் வண்டுகள்

1904 பிப்ரவரி 8, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் தங்கச் சுரங்கத்து மணல் மேட்டிலிருந்து தூசி. ஆஸ்பத்திரி முழுக்க இருமல். இருமல் மருந்து கலக்கிக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக்கார டாக்டர் துரை கூப்பிட்டனுப்பினார்.

துரைக்கு மிருகங்களின் மண்டையோடு சேர்க்கிற பைத்தியம். போன மாதம் ஓநாய்த் தலை ஒன்றை வேக வைத்தோம். பல்லெல்லாம் கழன்று சட்டிக்குள் அடியில் கிடந்தது, மூக்கெலும்பு பிளந்துவிட்டது. இனி வேக வைக்கக் கூடாதாம். தோல் மண்டியில் பச்சைத் தோலைத் தின்னும் வண்டு இருக்கிறதே, அதைப் பெட்டியில் வளர்த்தால் ஒட்டியிருக்கும் சதையை மட்டும் தின்றுவிட்டு எலும்பை விட்டுவிடுமாம். "ஞானமுத்து, நீ வளக்கணும்," என்றார்.

பத்து வருஷக் கம்பவுண்டர் நான். வண்டு மேய்க்கச் சொல்கிறார். ஆனாலும் என்னைத்தான் கேட்டார், புண் கட்டுகிற டிரஸ்ஸரைக் கேட்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

வேண்டியவை: பெரிய பிஸ்கோத்து டின் ஒன்று. மூடிக்குக் கம்பி வலை. பஞ்சு. வண்டு. நரித்தலை துரை தருவார்.

இந்த நோட்டு பழைய மருந்து ரிஜிஸ்டரின் மீதிப் பக்கங்கள். என் மனைவி சாராளுக்கு எழுத்து தெரியாது. தாராளமாக எழுதலாம்.

பிப். 10, புதன்

ஆண்டர்சன்பேட்டை தோல் மண்டி. நாற்றம், தலைவலி. மண்டிக்கார பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "இதுங்கள சாவடிக்கணும்னு நாங்க தோல வெயில்ல போட்டு அடிச்சிக்கினு கீறோம். நீ வளக்கப் போறியா? அள்ளிக்கினு போப்பா!"

ஒரு டப்பா நிறைய. வண்டு கறுப்பு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. புழு பழுப்பு, உடம்பெல்லாம் மயிர். பாய் சொன்னபடி, தின்பது பெரும்பாலும் புழுதான். வீட்டின் பின்கட்டில் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வைத்தால் டிரஸ்ஸர் சிரிப்பான்.

பிப். 13, சனி

தோல்வி. புதிதாக வெட்டிய நரித்தலையை அப்படியே போட்டேன். இரண்டாம் நாளே தண்ணீர் விட்டு அழுகிவிட்டது. ஈ மொய்த்து வேறு புழு. என் வண்டுகள் பாதி அந்த ஈரத்தில் ஒட்டிக்கொண்டு செத்தன. மீதியை எறும்பு இழுத்துப் போயிற்று.

நாற்றத்தை அடக்க இன்னொரு தலையில் உப்பு அப்பி வைத்திருக்கிறேன். மண்டியிலிருந்து மறுபடி ஒரு டப்பா வண்டு.

பிப். 17, புதன்

உப்புத் தலையை ஒன்றுகூடத் தொடவில்லை. டின் ஓரமாக ஏறி வெளியே போகப் பார்க்கின்றன.

சாராள் இத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கியிருந்தவள், இன்று எட்டிப் பார்த்தாள். "ஏங்க, உப்பா போட்டீங்க?" என்றாள். அவள் அப்பா பேர்ணாம்பட்டில் தோல் மண்டியில் தரம் பிரிக்கிறவர். இவள் பிறந்து வளர்ந்ததே தோல் கட்டுகளுக்கு நடுவில். எனக்கு அது ஞாபகமே வரவில்லை.

"வண்டு வரக் கூடாதுன்னுதாங்க எங்கப்பா உப்பு போடுவாரு. நீங்க வரணும்னு போடுறீங்க." சிரித்தாள். நிறையச் சிரித்தாள். எனக்குப் பிடிக்கவில்லை. மருந்துக்காரன் எதைப் பார்த்தாலும் கெடாமல் வைக்கத்தான் பார்ப்பான், என்ன செய்வது.

பிறகு அவளே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உப்புத் தலையை வெளியே எறிந்தாள். வேறு தலை ஒன்றில் மூளை, கண் எல்லாம் எடுத்துவிட்டுக் கூரைமேல் வலையால் மூடி, கருவாடு மாதிரிக் காய வைத்தாள். டின்னை முக்காலிமேல் ஏற்றி, முக்காலியின் மூன்று காலுக்கும் கொட்டாங்குச்சியில் தண்ணீர். எறும்பு வராது. மேலே கறுப்புத் துணி.

"மண்டியில எங்கப்பா இன்னா இன்னா செய்யக் கூடாதும்பாரோ, அத்தயெல்லாம் செஞ்சா போதுங்க."

மார்ச் 3, வியாழன்

வெயில் ஏறுகிறது. வண்டுகளுக்கு அது பிடித்திருக்கிறது. டின்னில் காதை வைத்தால் மழைத் தூறல் மாதிரிச் சத்தம். நரித்தலை ஒன்பதே நாளில் சுத்தம். காதோரத்து மெல்லிய எலும்புகூட உடையவில்லை. சோடா உப்புத் தண்ணீரில் அலசி, துரையிடம் கொண்டு போனேன்.

துரை ஜன்னலோரம் வைத்து வெகு நேரம் பார்த்தார். "பிரமாதம். எல்லாம் நீயா செஞ்சே?"

"ஆமாம் சார்," என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் திருத்த வழியில்லை. சிறுத்தைத் தலை ஒன்று வரப்போகிறதாம். அதைச் சீமையில் ஒரு மியூசியத்துக்கு அனுப்புவாராம். சுத்தம் செய்தவன் பெயரும் சீட்டில் இருக்குமாம். வீட்டுக்கு வந்து என் பெயரை இங்கிலீஷில் அழகாக நாலைந்து முறை எழுதிப் பார்த்தேன்.

மார்ச் 12, சனி

துரை சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் குடியிருப்பு லைன் வீட்டுக்கே வந்துவிட்டார். பெட்டியைப் பார்க்க வேண்டுமாம். நான் பேச வாயெடுப்பதற்குள் சாராள் ஆரம்பித்துவிட்டாள். எது முட்டை, எது புழு, கூட்டுப்புழு ஆகும்போது மரத்தைத் துளைக்கும், அதனால்தான் டின், எல்லாம். துரை தனக்குத் தெரிந்த தமிழில் கேள்வி மேல் கேள்வி. குழந்தை மாதிரிக் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

முக்கால் மணி நேரம். பத்து வருஷத்தில் என்னோடு அவர் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது. நான் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு புழுவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "கடிக்காது தொர, பயப்படாதீங்க." அவர் சிரித்தார். இவளும் சிரித்தாள். கல்யாணமாகி நாலு வருஷம். என்னைப் பார்த்து அப்படிச் சிரித்தது எப்போது என்று யோசித்தேன். உப்புத் தலையைப் பார்த்து ஒரு முறை.

போகும்போது துரை என் பக்கம் திரும்பி, "ஸோ, இட் வாஸ் ஹெர்," என்றார்; அப்போ செய்தது இவள்தான் என்று. கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்ச் 14, திங்கள்

குழாயடியில் காதில் விழுந்தது: "தொர கம்பவுண்டர் வூட்டுக்கு வந்தாராமே. அவுரு பொண்டாட்டிதான் இன்னாமோ பூச்சி வித்த காட்டுதாம்." அதற்கு இன்னொருத்தி: "கம்பவுண்டரு இன்னா செய்யறாரு?" சிரிப்பு.

தலைவலி. குயினைன் ஸ்டாக் குறைவு, எழுதிப் போட வேண்டும்.

சாராள் துரையிடம் பேசியது: வெயில், ஈரம், முட்டை, அவள் அப்பா, பேர்ணாம்பட்டு, சின்ன வயதில் தோல் கட்டுக்குள் ஒளிந்து விளையாடியது.
என்னிடம் இன்று பேசியது: சாம்பாருக்குப் புளி இல்லை.

மார்ச் 19, சனி

சிறுத்தைத் தலை வந்துவிட்டது. மலைப்பக்கம் சுரங்கத்துப் பெரிய துரை சுட்டது. குண்டு கழுத்தில், மண்டை முழுசு. சாக்கில் கட்டி என்னிடம் கொடுத்து, "சாராள்கிட்ட குடு," என்றார் டாக்டர் துரை. குடு. நான் தூக்கிக்கொண்டு போகிறவன்.

மார்ச் 24, வியாழன்

தலை காய்ந்து, நேற்றுப் பெட்டிக்குள் போயிற்று. புழுக்கள் வெறி பிடித்தது மாதிரித் தின்கின்றன. இப்போதே கன்னத்தில் பாதி எலும்பு தெரிகிறது.

துரை காலையில் சொன்னார்: "சீட்டுல அவ பேர் எழுதணும். அவ அப்பா பேரும் கேட்டு வா." சரி சார் என்றேன். கேட்கவில்லை.

இந்த ஊரில் என்னைக் கம்பவுண்டர் என்று தெரியும், பெயர் யாருக்கும் தெரியாது. சீமையில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஞானமுத்து என்று இருந்திருக்கும். நான் செத்த பிறகும் இருக்கும். அந்த இடத்தில் இவள் பெயர். தோல் மண்டிப் பெண். கையெழுத்துப் போடத் தெரியாதவள். வயிறு எரிகிறது. எரிகிறது என்று எழுதினாலும் ஆறவில்லை.

மார்ச் 26, சனி

பெட்டியை ஆஸ்பத்திரி மருந்து அறைக்கு மாற்றிவிட்டேன்.
சாராளிடம் சொன்னது: துரை உத்தரவு.
துரையிடம் சொன்னது: புழு மயிர் பட்டு சாராளுக்குக் கையெல்லாம் அரிப்பு.

அலமாரியில் கற்பூரம் இருந்த தட்டுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது, அங்கே வைத்தேன் என்று எழுத வந்தேன். எனக்கு மட்டுமான நோட்டில் பொய் எதற்கு? கற்பூரத்தைப் பஞ்சுக்குள் நானே வைத்தேன். ஏழெட்டுக் கட்டி. மேலே துணியை இறுக்கிக் கட்டினேன். கற்பூரம் பூச்சிக்கு ஆகாது என்று டிரஸ்ஸருக்குக்கூடத் தெரியும்.

மார்ச் 29, செவ்வாய்

சத்தம் நின்றுவிட்டது. வண்டு எல்லாம் மல்லாந்து கிடக்கின்றன. புழு சுருண்டு, தொட்டால் உதிர்கிறது. கற்பூரத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு துரையைக் கூப்பிட்டேன்.

திட்டுவார் என்று பார்த்தேன். அவர், வண்டுகள் பாதி தின்ற தலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த மாசக் கடைசிக் கப்பலுக்கு அனுப்புவதாக எழுதிவிட்டாராம். வேக வைத்தால் ஓநாய்த் தலை கதிதான். "சாராள் வருத்தப்படுவா," என்றார். அப்போதும் அவள்தான்.

சாயங்காலம் சாராள் வந்தாள். துணியை விலக்கிப் பெட்டிக்குள் முகத்தை வைத்தாள். "தெறந்தா கோயில் மாதிரி வாசன வருது," என்றாள். அவ்வளவுதான். என்னைப் பார்க்கவில்லை. நான் அவுன்ஸ் கிளாஸ்களைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவியவை.

ஏப்ரல் 1, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. வெக்கை. உபதேசியார் யூதாஸைப் பற்றி ஆரம்பித்ததும் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போய்விட்டேன்.

சாராள் மூன்று நாளாகச் சோறு போடுகிறாள், தண்ணீர் வைக்கிறாள், வேறு பேச்சு இல்லை.

ஏப்ரல் 2, சனி

அடுக்களையில் அடுப்புக்குப் பின்னால் ஒரு மண்பானை. துணி கட்டியிருந்தது. ஊறுகாய் என்று நினைத்திருந்தேன். இன்று சாராள் என் எதிரிலேயே துணியை அவிழ்த்தாள். உள்ளே வண்டு. புழு. கொதிக்கிற மாதிரி அசைகின்றன.

"இது எங்கிருந்து?"

"தயிருக்கு ஒற எடுத்து வெக்கறதில்லையா? அந்த மாதிரிதான். தொர வந்துட்டுப் போனாரே, அன்னிக்கே ஒரு பிடி எடுத்து வெச்சேன். ஒரு பெட்டிய நம்பி இருப்பாங்களா யாராவது? அடுப்புச் சூட்டுக்கு நல்லா பெருகிக்கிச்சி."

பத்து வருஷம் மருந்து கலக்குகிறேன். இந்த யோசனை எனக்கு வந்திருக்காது. தப்பித்தோம் என்று நிம்மதி வர வேண்டும். வரவில்லை. மறுபடியும் இவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. என்ன மனுஷன் நான்.

பழைய டின்னை அவள் தொடவில்லை. புது டின் அவளே வாங்கி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலையைக் கேட்டு வாங்கி, சோடா உப்புத் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, மறுபடி காய வைத்திருக்கிறாள்.

ஏப்ரல் 14, வியாழன்

சிறுத்தை முடிந்தது. கோரைப்பல் நாலும் உறுதி. மூக்குக்குள் சுருள் சுருளாக மெல்லிய எலும்பு, அதுகூட அப்படியே. கையில் வாங்கிப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்தேன். இல்லை.

ஏப்ரல் 16, சனி

எழுதிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரி வராந்தா. மேஜைமேல் மரப்பெட்டி, வைக்கோல், மண்டையோடு, சீட்டு. துரை பேனாவை மையில் தொட்டுக்கொண்டு சாராளிடம் கேட்டார், "உன் அப்பா பேர் என்ன?" நான் கேட்டு வராதது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

சாராள் சொன்னாள்: "என் பேரு வேணாம் தொர. செத்த மிருகத்து மேல எழுதி வெக்கவா நான் செஞ்சேன்? அவரு பேரு போடுங்க. அவருக்குத்தான் அது வேணும்."

துரை என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். எழுதினார்.

என் பெயர். நான் பழகி வைத்ததைவிட அழகான எழுத்து. ஒட்டச் சொன்னார், ஒட்டினேன். இதற்காகத்தான் இந்த ஒன்றரை மாதம் செத்துப் பிழைத்தேன். அவளுக்கு அது பீற்றல் துணி, வேண்டாமென்று தள்ளிவிட்டாள். நான் பொறுக்கிக்கொண்டேன். அவள் கேட்டு வாங்கியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

திரும்பும் வழியில் ஷிப்டு விட்டு வந்த கூட்டம். அந்தச் சந்தடியில் கேட்டேன், "கற்பூரம் யார் வெச்சதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் துரைகிட்ட சொல்லல?"

"சொன்னா வேலய வுட்டுத் தொரத்துவாரு. அப்பறம் நாம எங்க போறது?"

"என்மேல கோபமா?"

"கோவம்லாம் இல்லீங்க." முந்தானையால் முகத்துத் தூசியைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

ஏப்ரல் 17, ஞாயிறு

காற்றே இல்லை. ஆராதனைக்குப் போய் வந்தோம். துரை அடுத்துக் காட்டுப்பன்றித் தலை அனுப்புவாராம். பெரிய டின் வேண்டும், வலை வேண்டும்.

உறைப் பானை அடுப்புக்குப் பின்னால் இல்லை. பின்கட்டிலும் இல்லை. எங்கே வைத்தாய் என்று கேட்டேன். சாராள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது உங்களுக்கு எதுக்குங்க?"