நடுவீட்டில் வேம்பு, கட்டிலுக்குக் கீழே தறப்பாள்

ஒரே பள்ளிக்கூட வாங்கில் என்னோடு இருந்து, ஒரே கணக்குப் பாடத்தில் என்னோடு சேர்ந்து கோட்டைவிட்ட என் அருமை மச்சான் ராசனுக்கு,

உன் ஆண்டு நினைவுக்குப் பத்திரிகையில் படம் போட்டு நாலு வரி எழுதுவோம் என்றாள் என் மனுசி, உன் தங்கச்சி. நாலு வரிக்குள் எனக்குத் தும்மக்கூடத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். வாசிக்கிறவர்கள் வாசிக்கட்டும். நீ சிரிக்காமல் கேட்டால் போதும்.

வீடு கட்டிவிட்டோம் மச்சான். வவுனியாவில், நெளுக்குளம் போகிற வழியில், ஒரு கைக்குட்டை அளவு காணி. மூன்று பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர். ஒரு வீட்டில் மீன் பொரித்தால் மற்ற வீடுகளில் வெறும் சோறே இறங்கிவிடும், அவ்வளவு நெருக்கம். அதற்குள் வீடு வரைந்தது என் மகள், உன் மருமகள் மதுரா. கட்டடக்கலை படித்து முடித்து அவள் வரைந்த முதல் வீடு. மருந்தை முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்களாமே, அந்த எலி நான்தான்.

சுவருக்குப் பூச்சு இல்லை, பெயின்ற் இல்லை. பலகை அடித்துக் கொங்கிறீற் ஊற்றி, பலகையைக் கழற்றினால் அதுதான் சுவராம். நிலம் வெறும் சீமெந்து. தெருப்பக்கம் ஜன்னலே கிடையாது. வெளிச்சமும் காற்றும் நடுவீட்டிலிருந்துதான் வரும். நடுவீட்டுக்குக் கூரை இல்லை மச்சான்! மேலே வானம், கீழே ஒரு படி தாழ்வான முற்றம், முற்றத்தில் ஒரு வேம்பு. அறைகள், சமைக்கிற குசினி எல்லாம் அதைச் சுற்றித்தான். முதல் நாள் உன் தங்கச்சி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, உங்கடை மகள் குண்டுக்கு ஒளிக்கிற பங்கருக்குக் கதவு வைச்சுக் கட்டியிருக்கிறாள்" என்றாள்.

வரைபடத்தை விரித்த அன்று நடுவிலிருந்த வட்டத்தைக் காட்டி, "இதென்ன பிள்ளை, கிணறோ?" என்று கேட்டேன்.

"மரம் அப்பா. வேம்பு."

அந்த வட்டத்தை உள்ளங்கையால் மூடிவிட்டேன். உனக்கு மட்டும்தான் அது விளங்கும். சண்டையில் இடம்பெயர்ந்து திரிந்துவிட்டு அக்கராயனில் இருந்த எங்கள் பழைய வீட்டுக்குத் திரும்பிப் போனபோது, கூரை இல்லாத ஹோலின் நடுவே ஆளுயரத்துக்கு மேல் ஒரு வேம்பு நின்றதே. நான் கோடரியைப் பிடித்தபடி விறைத்துப்போய் நின்றேன். நீதான், "வாடகை குடுக்காமல் இருந்திட்டார். மரியாதையா எழுப்பி விடுவம்" என்றாய். சிரித்துச் சிரித்து வெட்டினோம். சீமெந்து போட்ட பிறகும் அது நிலத்தை வெடித்துக்கொண்டு துளிர்த்தது. ஒவ்வொரு மாரிமழை முடியவும் நீ வந்து கொத்துவாய். சின்னப் பிள்ளையாக இருந்த மதுரா பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாள்.

"கூரையில்லாத வீடும் நடுவிலை மரமும் எப்பிடி வாறதெண்டு உனக்குத் தெரியுமோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"தெரியும் அப்பா. அது எங்களைக் கேக்காமல் வந்தது. இதை நாங்கள் கூப்பிட்டு வைக்கிறம்."

படித்த பிள்ளையோடு கதைத்து நான் எப்போது வென்றிருக்கிறேன்?

இன்னொரு கூத்தைக் கேள். போன மாதம் ஒரு காற்றடித்தது. சேதமான வீடுகளைப் பார்க்க கிராம அலுவலரான விதானையார் தெருவில் வந்தார். எங்கள் சாம்பல் சுவரை ஒருமுறை பார்த்தார். உள்ளே வந்து அண்ணாந்தார். வானம் தெரிந்தது.

"ஐயோ அண்ணை, கூரை முழுக்கப் பறந்திட்டுதே! ஒரு வார்த்தை சொல்லேல்லையே?"

"இல்லை ஐயா, இது டிசைன்."

"ஓமோம். எல்லாருக்கும் கேக்க வெக்கந்தான் அண்ணை. வைச்சிருங்கோ" என்று ஒரு நீலத் தறப்பாளை, கூரைக்குக் கட்டுகிற பிளாஸ்ரிக் விரிப்பை, கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.

மதுரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. மடித்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். இடம்பெயர்ந்த காலத்தில் நீயும் நானும் இப்படியொன்றின் கீழே எத்தனை மாரி படுத்தோம்? பிரிக்காமலே எனக்கு அதன் மணம் வருகிறது.

வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் இறைத்துவிடலாம், அதற்கு நான் பயப்படவில்லை. என் பயம் வேறு. தபாற்கந்தோரில் வேலை செய்கிற வரதன் தன் காணிக்கும் இப்படி ஒரு வீடு வேண்டுமென்று மதுராவிடம் கேட்டவர், "மாரி ஒண்டு கடக்கட்டும் பிள்ளை, பிறகு கதைப்பம்" என்று நிறுத்தி வைத்திருக்கிறார். அவர் வாயைப் பார்த்து இன்னும் சிலர். இந்த மாரியில் வீடு தோற்றால் அவளை இந்த ஊரில் ஒரு கோழிக்கூடு வரையவும் கூப்பிடமாட்டார்கள். கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுவாள். பயந்துபோய் நான் தறப்பாளை விரித்தாலும் அதே கதைதான். அப்பனே நம்பாத வீடு என்பார்கள்.

முல்லைத்தீவுக் கடலில் தாழமுக்கம், பெருமழை வரும் என்று வானொலி சொன்னதிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. தண்ணீர்ப் பம்ப் திருத்திப் பிழைக்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்? கடையிலிருந்த பெரிய பம்பைக் கொண்டுவந்து ஹோலில் வைத்தேன். மதுரா பார்த்துவிட்டு, "அப்பா, நீங்கள் வானத்தைப் பாக்க வேண்டாம். காலமை முற்றத்து இலையைக் கூட்டுங்கோ. அது போதும்" என்றாள். ஓம் என்றேன். சொல்லிவிட்டு வானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அவள் கிளிநொச்சிக்குப் போயிருந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. என்ன மழை! வேப்பமரம் நின்றபடியே குளித்தது. முற்றத்துத் தண்ணீர் ஏறி, ஏறி, ஹோல் நிலத்துக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றது. நான் தறப்பாளை இழுத்தெடுத்து, கயிற்றைத் தோளில் போட்டு, கூரைக்கு ஏறுகிற படியில் கால் வைத்தேன்.

"இறங்குங்கோ!" என்றாள் உன் தங்கச்சி. பங்கர் என்று சொன்ன அதே வாய். "விரிச்சியள் எண்டால் பிள்ளையின்ரை முகத்திலை விரிச்ச மாதிரி. முதல் அந்தத் தண்ணி ஏன் போகேல்லை எண்டு பாருங்கோ."

கணுக்கால் மூடிய தண்ணீரில் இறங்கிக் கையை விட்டுத் தடவினேன். வடிகால் வாய் நிறைய வேப்பிலை. ஒரு வாரத்து இலை மச்சான், நான் கூட்டாமல் விட்டது. அள்ளி அள்ளி எறிந்தேன். அடைப்பு விட்டதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்துக் குடையோடு வாசலில் நிற்கிறார் வரதன்.

"என்ன அண்ணை, வீட்டுக்குள்ளை மழையிலை குளிக்கிறியளோ?"

"ஓம். உங்களுக்கும் இப்பிடி ஒண்டு வேணுமெண்டால் பிள்ளையைக் கேளுங்கோ."

அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் வற்றி முற்றத்துக் கல் தெரியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். ஹோல் நிலத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தார், காய்ந்துதான் இருந்தது. "மாரி இன்னும் கிடக்குத்தானே அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார். அது நல்ல சொல்லா கெட்ட சொல்லா? நீ இருந்தால் கேட்டிருப்பேன். நீ இருந்தால், கோடரியோடு வந்திருப்பாயா, விளக்குமாற்றோடு வந்திருப்பாயா?

அடுத்த தாழமுக்கம் வருகிறதாம். நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். இந்த மாரி முடியும்வரை ஒவ்வொரு விடியலிலும் நானே இலை கூட்டுவேன். தறப்பாளை விரிக்கமாட்டேன்.

எறியவும் மாட்டேன். கட்டிலுக்குக் கீழே கிடக்கட்டும். மதுராவிடம் சொல்லாதே.

விளக்குமாறும் கையுமாக,
உன் தங்கச்சியின் புருஷன், உன் மருமகளின் அப்பன்,
செல்வம்