கோச் நின்ற பக்கம்

மார்ச் 14, சனி. அலோர் ஸ்டார்.

தாய்லாந்து கால்பந்து கிளப்புக்காக இன்று என் பழைய அணியோடு மோதினேன். "லூனாசுக்கே போய்ப் பால்மரம் வெட்டு லா" என்று என் ஊரையும் ரப்பர்த் தோட்டத்தையும் சொல்லி அன்று என்னைத் துரத்திய கோச் இன்றும் அவர்கள் பக்கக் கோட்டோரம் நின்றார். நான் இடது விங்கர்; முதல் பாதியில் அவர் நின்ற கோட்டோரம்தான் ஓடினேன். இரண்டாம் பாதியில் அணிகள் பக்கம் மாறும்போது அவரை விட்டு எதிர்க்கோட்டுக்குப் போய்விடுவேன். அதனால் இடைவேளையில் எங்கள் கோச்சிடம் கெஞ்சி வலது விங்குக்கு மாறிக்கொண்டேன். முழு ஆட்டமும் அந்த ஆளின் மூக்குக்கு முன்னாலேயே ஓடினேன். என் கிராஸில் இரண்டு கோல். வயிறு குளிர்ந்தது.

என்னைத் தடுக்க முடியாமல் திணறிய பாக்கார் ஆராங் ஊர்ப் பையன் குமரனைப் பழைய கோச் வெளியே இழுத்தார். "நீயும் போய் மரம் வெட்டுடா!"

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் மாற்றிக்கொள்ளும் வழக்கப்படி ஜெர்சியைக் கழற்றிக் குமரனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"இப்ப வேணாண்ணே. அடுத்த மேட்ச்ல ஒங்க கால ஒடச்சிட்டு வாங்கிக்கிறேன்."