பிடித்தம் போடும் கணக்கு

எழில்மதியின் அப்பாவுக்கு,

பேச ஆரம்பித்தால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதி உங்கள் யூனிஃபார்ம் பையில் வைக்கிறேன்.

உங்கள் நுரையீரலுக்கு இனி தீப்புகையே கூடாது என்று டாக்டர் சொல்லி நான்கு மாதமாகிறது. தீயணைப்பு வண்டியை விட்டுவிட்டு கன்ட்ரோல் ரூம் வேலை கேட்கச் சொன்னேன். "வண்டிய விட்டு எறங்குனா அலவன்ஸ் போயிடும், பென்ஷன் பிடித்தமும் கொறஞ்சிடும். அப்புறம் நீதான் கஷ்டப்படுவ" என்றீர்கள்.

நேற்று உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் பிரிவு சில்வேனைப் போய்ப் பார்த்தேன். அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, அதில் நூற்றுக்குப் பத்து உங்களிடம் பிடிக்கிறார்கள். அரசு பதினான்கு போடுகிறது. மற்ற அலவன்ஸ் எதுவும் அந்தக் கூட்டலுக்குள் வருவதில்லை.

"அண்ணன் தீயில எறங்குனாலும் அதே பிடித்தம், போன் எடுத்தாலும் அதே பிடித்தம்தாங்க்கா. உக்காந்து வேல பாத்தா கொறையும்னா எனக்கெல்லாம் என்ன மிஞ்சும்?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தொன்பது வருடம் நீங்கள் புகைக்குள் போனது அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் தோன்றியது. மாதாமாதம் அந்தச் சீட்டைப் படிக்கிற உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

கன்ட்ரோல் ரூமுக்கு மாற்றக் கேட்கும் மனுவை எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துதான் பாக்கி. போட முடியாததற்குக் காரணம், மண்டபத்தூர் தீயில் உங்களோடு உள்ளே போய்த் திரும்பாத முத்தையன் என்றால், அதையாவது என்னிடம் சொல்லுங்கள். நான் எதிர்த்துப் பேச மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.

உங்கள் மனைவி