உள்ளங்கை நிறையும் கைப்பிடி

அன்புள்ள அப்பா,

வலது கையில் தையல் பிரித்ததும், ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதாக அத்தை வீட்டுக்குப் போனீர்கள். நான்கு மாதம் ஆகிறது. அத்தையின் சமையல் அவ்வளவு நன்றாகவா இருக்கிறது?

பழைய இரும்புக் கடையில் ஒரு லேத் வாங்கியிருக்கிறேன். உங்களைவிட மூத்தது. "இது மெஷின் இல்லம்மா, எலும்புக்கூடு" என்று கடைக்காரரே சிரித்தார். துருவை எடுக்கவே ஒரு மாதம் பிடித்தது. காணாமல் போயிருந்த இரண்டு பல்சக்கரங்களை நம் பட்டறையிலேயே வெட்டிக்கொண்டேன்.

உளியை நகர்த்தும் கைப்பிடியும் இல்லை. அதை மட்டும் பழைய அளவில் செய்யவில்லை. மரத்தில் உருண்டையாக, உள்ளங்கை நிறையும்படி கடைந்தேன். பிறகு என் வலது கையில் மூன்று விரல்களை மடக்கித் துணியால் கட்டிக்கொண்டு சுற்றிப் பார்த்தேன். அம்மா வாசலில் நின்றது எனக்குத் தெரியாது.

"சுத்த வருதாடி?"

"வருதும்மா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நேற்று அதில் முதன்முதலாக ஒரு கம்பியைக் கடைந்தேன். ஒரு முனை மயிரிழை தடித்து வருகிறது. எங்கே பிசகு என்று எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் தொட்டாலே சொல்லிவிடுவீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன். இனி லேத் பக்கமே போகமாட்டேன் என்று அத்தையிடம் சொன்னீர்களாம். என்னிடம் சொல்லவில்லையே. சொன்னாலும் நான் கேட்கப்போவதில்லை.

உங்கள் மூத்தவள்