எழுபத்து மூன்றாம் வருட வண்டியும் வெண்டலின் மூக்கும்

ஜூன் 3, செவ்வாய்
இன்றும் ஒரு மணி நேரம் மோட்டார்ஹோமைத் துடைத்தேன். துடைத்தது பத்து நிமிடம், மீதி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். முன் கண்ணாடி வளைந்து போய்ப் பக்கத்து ஜன்னலோடு சேரும் அந்த இடம்! தரை முழங்காலுக்கும் கீழே. கூரான மூலை ஒன்றுகூடக் கிடையாது. வீட்டையே அழகாக ஓட்டிக்கொண்டு போகலாம் என்று 1973-இல் யாரோ நம்பி வரைந்திருக்கிறார்கள். இப்போது வருகிறதெல்லாம் சக்கரம் வைத்த அலமாரி.

கோஷன் பழைய வண்டிக் கண்காட்சிக்கு இன்னும் பதினொரு நாள். போன வருடம் ஒரே ஒரு மார்க்கில் முதல் பரிசு போயிற்று. பின்விளக்கு புதுசாம்! இந்த வருடம் ஒவ்வொரு திருகாணியும் தொழிற்சாலையில் போட்டதுதான்.

ஜூன் 6
போன குளிர்காலக் காய்ச்சலிலிருந்து வெண்டலுக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. அதனால் காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் என்னைக் கூப்பிடுவார். "லொரேன், பெட்ரோல் வாசனை வருதா? நீதானே என் மூக்கு."

இன்று லேசாக வந்தது. "இல்ல" என்றேன்.

ஏன் சொன்னேன்? தெரியாதா என்ன. பெட்ரோல் வரும் ரப்பர் குழாயில் தொழிற்சாலை அச்சடித்த மஞ்சள் எழுத்து இன்னும் அழியவில்லை. நடுவர் ஹோபார்ட் குனிந்து அதைத்தான் தேடுவார். வாசனை வருகிறது என்று சொன்னால் வெண்டல் அன்றே குழாயை மாற்றிவிடுவார். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் பொய் இதுவல்ல. ஆனால் இது மோசமானது.

ஜூன் 8
வருகிறது.

ஜூன் 10
அவர் கூப்பிடுவதற்கு முன்பே ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். "இல்ல."

"கிழவி மூக்கு கில்லாடி மூக்கு," என்று சிரித்தார். கண்காட்சி முடியட்டும், மறுநாளே மாற்றிவிடலாம். நாலே நாள்தானே — நாலு நாளில் என்ன ஆகிவிடும்?

ஜூன் 13, வெள்ளி
மதியம் மைதானத்தில் வண்டியை நிறுத்தியதும் வெண்டல் உள்ளே இருக்கும் அடுப்பில் காபி போடப் போனார். எனக்குக் கண் எரிந்தது, உள்ளே அவ்வளவு நாற்றம். அவர் பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டு தீக்குச்சியை எடுத்துவிட்டார்.

"கொளுத்தாதீங்க!" பாய்ந்து கையைத் தட்டிவிட்டேன். குச்சிகள் தரையெல்லாம் சிதறின. அவரை வெளியே இழுத்து வந்தேன். பக்கத்து வண்டி நடீன் ஓடி வந்தாள். "ஐயோ, இங்க வரைக்கும் அடிக்குதே!"

புல்லில் நின்று வெண்டல் கேட்டார். "எப்பலேருந்து?"

"ஒரு வாரமா."

"தெனமும் கேட்டேனேடி."

ஜூன் 14
வெண்டல் கழற்றிய பழைய குழாய் அவர் விரலில் பொடியாக உதிர்ந்தது. மஞ்சள் எழுத்து மட்டும் பளிச்சென்று இருந்தது. ஜன்னல் வளைவுக்கு முழு மார்க். ஹோபார்ட் புதுக் குழாயைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "பழசையே விட்டு வச்சிருக்கக் கூடாதா, லொரேன்?" இரண்டாம் பரிசு. வெண்டல் கை தட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 15
ஊருக்குக் கிளம்பும் நேரம். வெண்டல் எஞ்சினைக் கிளப்பினார். நான் வழக்கம்போலக் கதவருகே போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டி வெளியே பார்த்தார்.

"நடீன், ஒரு நிமிஷம் வந்து மோந்து பாக்குறியாம்மா?"