முல்லைக் கலத்து டம்ளர்

பாலை நிலையம், செவ்வாய்
நாள் 203 | காலை 07:40

வெளியே தூசி குறைவு. காற்று எந்திரம், தண்ணீர் எந்திரம் இரண்டும் ஒழுங்கு. இதை எடுத்து வாசிக்கிறவருக்கு: என் பெயர் பேச்சியம்மாள், உலோகவியல் ஆய்வாளர், சொந்த ஊர் கோவில்பட்டி. உலோகமானியை மண்மேல் ஆட்டிக்கொண்டே நடப்பேன். அது கத்தினால் தோண்டுவேன். கிடைக்கிற விண்கல் இரும்புக்கு வயசென்ன, எங்கே பிறந்தது என்று கண்டுபிடித்துச் சொல்வேன். இங்கே நான் ஒருத்திதான். இன்னும் ஆறு மாதத்தில் கலம் வந்து கூட்டிப்போகும்.

இன்று கிடைத்தது ஒன்றுமில்லை. முட்டிவலி மட்டும் மிச்சம்.

நாள் 204 | பிற்பகல் 14:15

கிழக்குச் சரிவில் மானி கத்தியது. ஒரு முழ ஆழத்தில் எவர்சில்வர் டம்ளர். விண்கல் இல்லை, எரிகல் இல்லை. நம்ம வீட்டு டம்ளர்!

வாய்க்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறது: வே. இசக்கிமுத்து.

இந்தப் பெயர் எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வந்த முல்லைக் கலத்தில் நாலு பேர். அதில் ஒருத்தர் இசக்கிமுத்து. இறங்கும்போதே வானத்தில் எரிந்து நாலு பேரும் போய்விட்டார்கள் என்று நிறுவனம் அறிவித்தது. ஊரே அழுதது, நானும்தான்.

எரிந்த கலத்திலிருந்து டம்ளர் முழுசாக எப்படி விழும்? பூமியில் இருக்கும் தரைநிலையத்துக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் நானே பார்க்கிறேன்.

நாள் 205 | மாலை 17:30

பிறப்பிடம்: நிக்கல் குறைவு, மாங்கனீசு அதிகம். காந்தம் லேசாக ஒட்டுகிறது. கலத்தில் இந்த மாதிரி மலிவு உருக்கு வைக்க மாட்டார்கள். பாத்திரக் கடைச் சரக்கு, வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

சூடு: நெருப்பில் பட்ட எவர்சில்வர் மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறும். இதில் துளிகூட இல்லை.

வயசு: இதுதான் கணக்கில் இடிக்கிறது. உருப்பெருக்கியில் வட்ட வட்டமாகக் கீறல்கள், அதற்குள் செவ்வாய் மண். தண்ணீரை மிச்சம் பிடிக்க யாரோ மண் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் கழுவுகிறேன். நம்ம ஆளுக்கு வேறு எப்படித் தோன்றும்? என் தட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஏழு மாதத் தேய்மானம் அதில். டம்ளரில் அதைப்போலப் பதினாலு பதினைந்து மடங்கு. பெயரின் புள்ளிகளே மழுங்கிப் போயிருக்கின்றன.

எட்டு வருஷமாவது இங்கே ஒருவர் பாத்திரம் கழுவியிருக்கிறார். செத்தவர் கழுவுவாரா?

நாள் 206 | காலை 10:05

தரைநிலையத்துக்குச் சொன்னேன். ஒரு பொய்யோடு சொன்னேன். மேற்கே டம்ளர் கிடைத்தது, முல்லைக் கலத்துடையதாக இருக்கலாம் என்றேன். அங்கே என்னோடு பேசுகிறவன் தனுஷ்கோடி, நல்ல பையன், அக்கா அக்கா என்பான். பதில் வழக்கத்தைவிடத் தாமதம்.

"எரிஞ்ச கலத்தோட சிதறலா இருக்கும்க்கா. அதைப் போட்டுட்டு விண்கல் வேலையப் பாருங்க. கிழக்குப் பள்ளத்துப் பக்கம் மட்டும் போயிராதீங்க, மண்ணு சரியும்."

அடப்பாவி. நான் கிழக்கு என்று சொல்லவே இல்லையே.

நாள் 207 | பிற்பகல் 15:50

கிழக்குப் பள்ளத்துக்குப் போனேன். மானி மூன்று இடத்தில் கத்தியது, ஒரே வரிசையில், சம இடைவெளியில். தோண்டினேன். மூன்றும் விண்ணுடையின் கழுத்து வளையங்கள், கீழே ஆட்கள். தலை எல்லோருக்கும் தெற்கே.

நாலாமவர் புதைக்கப்படவில்லை. வரிசையின் ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். மார்பில் இசக்கிமுத்து என்று இருந்தது. மற்ற மூவரையும் அடக்கம் செய்தவர் இவர்தான். இவரை அடக்கம் செய்ய ஆளில்லை.

நான் செய்தேன். அழுதேன். கண்ணாடிக்குள் மூக்கைத் துடைக்கக்கூட வழியில்லை.

எந்திரங்கள் கட்டிய புது நிலையம் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். அடுப்படியில் தரை ஏன் தேய்ந்திருந்தது என்று இப்போது புரிகிறது. அவர் வீட்டில்தான் நான் தூங்குகிறேன்.

நாள் 208 | காலை 09:20

சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "தம்பி, நாலு பேரையும் பார்த்துட்டேன். நீ பெத்த பிள்ளை மேல ஆணை, உண்மையைச் சொல்லு."

"அக்கா, மன்னிச்சிருங்க. இறங்குறப்ப தொடர்பு அறுந்துச்சு. அவசரப்பட்டு எரிஞ்சுபோச்சுன்னு அறிவிச்சுட்டாங்க. மூணாம் வாரம் இசக்கிமுத்து அண்ணன் குரல் வருது. அதுக்குள்ள நாலு வீட்லயும் காரியமே முடிஞ்சுபோச்சு. மாலை போட்ட படத்த எப்படி இறக்கச் சொல்றதுன்னாங்க மேலிடத்துல. சாப்பாடு மட்டும் அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. கலம் அனுப்பல. மத்த மூணு பேரும் ஒவ்வொருத்தராப் போய்ச் சேர்ந்துட்டாங்க. கடைசி வரைக்கும் அவரோட பேசினது நான்தான். எப்ப வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. நீங்க பேசாம இருங்கக்கா. இருந்தா உங்களுக்குக் கலம் வந்துரும்."

பேசாமல் இருந்தால் வீடு. பேசினால்?

நாள் 208 | இரவு 20:10

இசக்கிமுத்துவின் மனைவி இன்றும் தூத்துக்குடியில் இருக்கிறாராம். எட்டு வருஷம் உயிரோடு இருந்த மனுஷனுக்குத் திவசம் கொடுத்திருக்கிறார். இதை விழுங்கிவிட்டு நான் ஊரில் போய் எந்த முகத்தோடு சோறு தின்ன?

என் வீட்டுக்காரருக்குப் போகும் வாராந்தரச் செய்தியில் டம்ளர் படத்தையும் நாலு பெயரையும் வைத்து அனுப்பிவிட்டேன். அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுங்கள் என்று எழுதினேன்.

பயமாகத்தான் இருக்கிறது.

நாள் 210 | காலை 08:30

பதில் இல்லை. தனுஷ்கோடியைக் கூப்பிட்டால் வேறு ஒரு குரல், "இணைப்பில் கோளாறு" என்று ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது.

தானாக இறங்கும் செய்தித் தொகுப்பு மட்டும் வந்தது. அதை நிறுத்த மறந்துவிட்டார்கள் போல.

"செவ்வாயில் கடும் புழுதிப் புயல். ஆய்வாளர் பேச்சியம்மாள் மரணம். குடும்பத்தினர் கண்ணீர் அஞ்சலி."

வெளியே பார்த்தேன். புயலும் இல்லை ஒரு மண்ணும் இல்லை.

அதில் எங்கள் வீட்டைக் காட்டினார்கள். என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சவரம்கூடச் செய்யவில்லை. என் செய்தி அவர் கைக்குப் போகவே இல்லை. போயிருந்தால் அப்படி நின்றிருக்க மாட்டார், கத்தியிருப்பார். மாலைக்குள்ளே என் படம். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற படம், அதை எடுத்த அன்றே அழிக்கச் சொன்னேன்.

நாள் 210 | 08:52

அனுப்பும் கருவி செத்துவிட்டது. தண்ணீர் எந்திரம் நின்றுவிட்டது. நான் எதையும் தொடவில்லை. எல்லாம் அங்கிருந்து

உடுப்பை மாட்டிக்கொண்டே எழுதுகிறேன். கழுத்து வளையம் பூட்ட மாட்டேன் என்கிறது.

வெளிக்கதவின் பச்சை விளக்கு சிவப்பாகிவிட்டது, பூட்டு விலகுகிறது. உள்கதவும். இரண்டும் ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது, உள்ளே காற்றே மிஞ்சாது, திறக்கவே

ஏங்க, அந்தப் படத்தை இறக்குங்க. நான் இன்னும்